காக்கா தொட்டு வருவதில்லை: மாதவிடாய்க்கு ஒரு முதல் பாடம்

எங்கள் வீட்டில் மாதத்துக்கு மூன்று நாள் அம்மா கொல்லைப்பக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். தட்டும் டம்ளரும் தனி, பாயும் தனி. ஏன் என்று கேட்டால், "அம்மாவைக் காக்கா தொட்டுடுச்சு" என்பாள் பாட்டி. அந்தக் காக்கா எது என்று நான் பல வருடம் மாமரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பாவாடையில் கறையைப் பார்த்தபோது, எங்கோ அடிபட்டிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம், செத்துப்போகப் போகிறேன் என்று தோன்றியது. காக்கா ஞாபகத்துக்கே வரவில்லை.

இன்றைய பிள்ளைகளிடம் காக்கா கதை எடுபடாது. கையில் போன் இருக்கிறது, டிவியில் பேட் விளம்பரம் ஓடுகிறது. ஆனாலும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் அந்த ரத்தம் ஏன் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "உடம்புல இருக்குற கெட்ட ரத்தம் வெளிய போகுது" என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. பாட்டி சொன்னதையே பேத்தியும் சொல்கிறாள். இந்தக் 'கெட்ட ரத்தம்' மனத்தை விட்டுப் போனால்தான் சுத்தம், சாப்பாடு, வலி எல்லாவற்றையும் நேராகப் பேச முடியும். அதனால் முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பந்தி இலை

அடிவயிற்றில், சிறுநீர்ப்பைக்குப் பின்னால் கருப்பை இருக்கிறது. காம்பு கீழே வரும்படி திருப்பி வைத்த சின்னப் பேரிக்காய் போல இருக்கும். அதன் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இரண்டு சினைப்பைகள். பெண்குழந்தை பிறக்கும்போதே அவற்றில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது அது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். அதிலும் வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியே வருபவை ஏறக்குறைய 400தான்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது சொன்னால் சினைப்பை வேலையைத் தொடங்கும். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், கருப்பையின் உள்சுவரில் மெத்தென்ற ஒரு படலத்தை வளர்க்கும். நடுவில் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வந்து கருக்குழாய்க்குள் போகும். அங்கே விந்தணுவோடு சேர்ந்தால் கரு உண்டாகி, வந்து இந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். சேராவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஹார்மோன் அளவு இறங்கிவிடும். அப்போது அந்தப் படலம் உதிர்ந்து, கொஞ்சம் ரத்தத்தோடு யோனி வழியாக வெளியேறும். மாதவிடாய் என்பது இதுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, விருந்தாளி வரவில்லை. இலையை எடுத்துவிட்டு அடுத்த பந்திக்குப் புது இலை போடுவார்கள். யாரும் கை வைக்காத இலையை எச்சில் இலை என்று சொல்வோமா? ஒரு குழந்தையைப் பத்து மாதம் தாங்குவதற்காக உடம்பு தயார் செய்து வைத்த படலம் அது. அதில் கெட்டது என்று எதுவும் இல்லை.

அளவைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். நான்கைந்து நாளும் சேர்த்து பொதுவாகப் போகும் ரத்தம் 30, 40 மில்லிதான். இரண்டு மூன்று மேசைக்கரண்டி. துணியில் பரவும்போது குடம் குடமாகப் போவது போலத் தெரியும். முதல் நாளும் கடைசி நாளும் காப்பித்தூள் நிறத்தில் வந்தாலும் பயம் வேண்டாம். மெதுவாக வருகிற ரத்தம் காற்றுப்பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவே.

எப்போது வரும்?

முதலில் வருவது மார்பு வளர்ச்சி. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். பல நேரம் ஒரு பக்கம் மட்டும், காம்புக்குக் கீழே சின்னக் கட்டி போல வந்து, தொட்டால் வலிக்கும். புற்றுநோயோ என்று பதறி ஓடும் அம்மாக்கள் உண்டு. சில மாதத்தில் அடுத்த பக்கமும் வந்துவிடும். இது தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாயை எதிர்பார்க்கலாம். வீட்டில் உட்கார்த்திப் பேச வேண்டிய நேரம் இதுதான். கறையைப் பார்த்த பிறகு பேசுவது தேர்வு முடிந்த பிறகு பாடம் நடத்துவது மாதிரி.

எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், பதின்மூன்று வயது வரை அதற்கு அறிகுறியே இல்லாவிட்டாலும், பதினைந்து முடிந்தும் மாதவிடாய் வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்த குழப்பம் கணக்கு. ரத்தம் பட்ட முதல் நாள்தான் முதலாம் நாள். அன்றிலிருந்து அடுத்த முறை ரத்தம் படும் நாள் வரை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு இது 21 முதல் 35 நாள். பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் 45 நாள் வரைகூடப் போகும். மூளையும் சினைப்பையும் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கின்றன. எல்லா மாதமும் முட்டை வெளிவராது. ஆகவே 28 நாள் தாண்டியதுமே "பிள்ளைக்கு மாசம் தள்ளிப்போகுது" என்று வீடே கிசுகிசுக்க வேண்டியதில்லை. 'மாத'விடாய் என்று பெயர் வைத்ததில் வந்த தொல்லை இது. நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்து வாருங்கள். ஆறு மாதத்தில் உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே பிடிபடும். மருத்துவர் கேட்கிற முதல் கேள்வியும் "கடைசியா எப்ப வந்துச்சு?" என்பதுதான்.

சரி, எது கணக்கில் சேராதது? மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுவது. ஏழு நாளுக்கு மேல் நிற்காமல் போவது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைவது. பெரிய பெரிய கட்டிகளாக வருவது. எழுந்து நின்றால் கண் இருட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போவதோடு தாடை, மேலுதட்டில் முடி, அடங்காத பரு, கழுத்தில் வெல்வெட் மாதிரி கறுப்பு என்று சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஆனால் வயதுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு வருடத்தில், ஒரே ஒரு ஸ்கேனை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடக் கூடாது. அந்த வயதில் சினைப்பையில் நிறையச் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் தெரிவது சாதாரணம்.

ஒளித்து வைப்பதில்தான் சிக்கல்

இப்போது சுத்தத்துக்கு வருவோம். துணி கெட்டது, பேட் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நல்ல பருத்தித் துணியை சோப்புப் போட்டு அலசி, சுள்ளென்று வெயிலில் காய வைத்தால் அது பாதுகாப்பானதே. ஆனால் நம் வீடுகளில் அது எங்கே காய்கிறது? குளியலறைக் கதவுக்குப் பின்னால், பாவாடைக்கு அடியில், கூரை இடுக்கில். அண்ணன் கண்ணில் படக் கூடாது, அப்பா கண்ணில் படக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்த அந்த ஈரத் துணியில் பூஞ்சை வரும். அதையே அடுத்த மாதம் வைத்தால் அரிப்பும் படையும் வரும்.

வேடிக்கை என்னவென்றால், பெண் வயதுக்கு வந்ததும் ஊர் முனையில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். தாய்மாமன் சீர்வரிசை மேளதாளத்தோடு தெருவில் வருகிறது. ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அப்புறம் அவளிடமே, துணியை யாருக்கும் தெரியாமல் காயப்போடு என்கிறோம்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. மனைவி எதையோ பின்னால் மறைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, என்ன என்று கேட்டார். பழைய கந்தல் துணி. பேட் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கக் காசு இருக்காது என்பது அந்த அம்மாவின் கணக்கு. அதிலிருந்து கிளம்பியவர், கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தன் இடுப்பிலேயே கட்டிச் சோதித்து, ஊர் சிரித்ததையும் தாங்கி, குறைந்த விலையில் பேட் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 ஜூலையில் பேட் மீதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இலவசமாகப் பேட் தரும் புதுயுகம் திட்டம் 2011-12இல் கிராமப்புற வளரிளம் பெண்களுக்காகத் தொடங்கியது. ஒரு பாக்கெட்டில் ஆறு பேட், இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் என்று கணக்கு. பள்ளியிலோ அங்கன்வாடியிலோ வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

பேட் வைத்தால் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், நனையாவிட்டாலும்கூட. "இன்னும் இடம் இருக்கே" என்று காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை வைத்திருப்பது சிக்கனம் அல்ல. ஈரமும் உடம்புச் சூடும் சேர்ந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தொடை இடுக்கில் புண்ணும் வரும். வாசனை போட்ட பேட் வேண்டாம், சிலருக்கு அந்த வாசனையே எரிச்சலைக் கொடுக்கும். பழையதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட வேண்டும். கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும், அதை யாரோ ஒருவர் கையால் எடுக்க வேண்டியிருக்கும்.

யோனிக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் மாதவிடாய்க் கோப்பையை 12 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு மாதமும் தண்ணீரில் கொதிக்கவைத்து வருடக்கணக்கில் பயன்படுத்தலாம். பழக நாளாகும். அதனால் முதல் வருடமே தொடங்க வேண்டும் என்பதில்லை. உள்ளே வைத்து ரத்தத்தை உறிஞ்ச வைக்கும் பஞ்சுச் சுருளான டாம்பானை எட்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. அரிதாக, டாக்ஸிக் ஷாக் என்ற உயிராபத்தான கிருமித் தொற்று வரக்கூடும்.

கழுவுவதில் நிறையப் பேர் தேவைக்கு மேல் செய்கிறார்கள். யோனிக்குள் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்கிறது. தயிர் புளிக்கக் காரணமான பாக்டீரியாவின் சொந்தக்காரர். தயிரைப் போலவே அங்கேயும் ஒரு புளிப்பைக் காத்து, கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளே சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் என்று விட்டால் முதலில் சாவது இந்தக் காவல்காரர்தான். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். கழுவுவதும் துடைப்பதும் முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். பின்னாலிருந்து கொண்டுவந்தால் மலக்கிருமி முன்னால் வந்துவிடும். தலைக்குக் குளிக்கலாமா என்றால், தாராளமாக. முதல் நாளும் குளிக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பயம் வெள்ளைப்படுதல். எலும்பு உருகிப் போகிறது, உடம்பு சூடு என்றெல்லாம் சொல்லி மெலிந்த பெண்களை இன்னும் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். எதுவும் உருகவில்லை. கண்ணில் நீர், வாயில் எச்சில் இருப்பது போல அதுவும் உடம்பு தன்னை ஈரமாக வைத்துக்கொள்வது. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில், முட்டை வெளிவரும் நாட்களில், வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். முதல் மாதவிடாய்க்குச் சில மாதம் முன்பே தொடங்கியும் விடும். அரிப்போடு திரிந்த தயிர் போல வந்தாலோ, மஞ்சள், பச்சை நிறத்தில் வந்தாலோ, கவிச்சி வாடை அடித்தாலோதான் சிகிச்சை தேவை.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட முடியாது. நான் படித்த பள்ளியில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்தே காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்போம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் நான்கு சென்டிமீட்டர் அளவுதான், கிருமி சுலபமாக ஏறிவிடும். தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் கழிப்பறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வலியும் சாப்பாடும்

படலம் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையைப் பிழிய வைக்கிறது. முதல் இரண்டு நாள் அடிவயிறும் இடுப்பும் இழுத்துப் பிடிப்பது அதனால்தான். வெந்நீர்ப் பை ஒத்தடம் நன்றாகக் கேட்கும், கொஞ்சம் நடந்தாலும் இதமாக இருக்கும். போதவில்லை என்றால் மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தப் பொருள் சுரப்பதையே குறைக்கின்றன. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். "மாத்திரை போட்டா பின்னால குழந்தை பிறக்காது" என்பதில் உண்மை இல்லை. மாத்திரைக்கும் கேட்காமல் மாதாமாதம் பள்ளிக்கூடம் போக முடியாதபடி வலித்தால், "பொம்பளைன்னா தாங்கித்தான் ஆகணும்" என்று விட்டுவிடாதீர்கள். கருப்பைப் படலம் போன்றது கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் இருக்கக்கூடும்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கும். உளுந்தில் நல்ல புரதம் இருக்கிறது. பச்சை முட்டையை வாயில் ஊற்றுவது மட்டும் வேண்டாம், கிருமி இருக்கலாம், அவித்துக் கொடுங்கள். ஆனால் பதினாறு நாள் கவனிப்பு முடிந்ததும் சாப்பாடு பழையபடி ஆகிவிடுகிறது. மீன் துண்டு அண்ணனுக்கு, குழம்பு தங்கைக்கு. ரத்தப்போக்கோ மாதாமாதம் தொடர்கிறது.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவதும், பாடம் படித்தால் தலையில் ஏறாததும், எப்பப் பார்த்தாலும் தூக்கமாக வருவதும் சோம்பேறித்தனமாக இல்லாமல் இதுவாக இருக்கலாம். இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முடிந்தால் ஈரல், சுவரொட்டி. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது, ஒரு மணி நேரமாவது போகட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே எறிகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். குமட்டுகிறது என்பதும், மலம் கறுப்பாகப் போகிறது என்பதும்தான் காரணம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பது இரும்பினால், கெடுதல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பூச்சி மாத்திரையையும் விடக்கூடாது. ஒரு பக்கம் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் மறுபக்கம் கீரை என்ன செய்யும்?

பெரியமனுஷி

"பெரியமனுஷி ஆயிட்டா" என்கிறோம். பன்னிரண்டு வயதில் யாரும் பெரியமனுஷி ஆவதில்லை. மாதவிடாய் வந்தால் கரு உண்டாக வாய்ப்பு இருக்கிறது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். முதல் மாதவிடாய்க்கு முன்பேகூட முட்டை வெளிவரலாம் என்பதால் அந்த வாய்ப்பு அப்போதே தொடங்கிவிடுகிறது. இடுப்பெலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, உயரமும் இன்னும் சில சென்டிமீட்டர் கூடும். 18 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்பதற்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. அந்த வயதுக்குக் கீழ் உள்ள யாரையும் பாலியல் நோக்கத்தோடு தொடுவது குற்றம், தொட்டவர் சொந்தக்காரராக இருந்தாலும். அப்படி நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு இரவிலும் அழைக்கலாம். உடம்பைப் பற்றி வெளியில் கேட்கத் தயங்கும் சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டுக்கொண்டால், பின்னாளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து வெகுவாகக் குறையும். மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் கேளுங்கள்.

தனியே உட்கார வைப்பதைப் பற்றி ஒன்று. ஓய்வு வேண்டும் என்பதற்காகத்தானே என்று சிலர் இன்னும் வாதாடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், தஞ்சாவூர் மாவட்டத்தில், வயதுக்கு வந்ததால் வீட்டுக்கு வெளியே குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். வீட்டில் ஒரு அறையில், விசிறிக்கு அடியில் படுத்தாலும் ஓய்வுதான்.

பள்ளிப் பையில் ஒரு சின்னப் பை இருக்கட்டும். அதில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, பழைய செய்தித்தாள் கொஞ்சம். தோழிக்கு வந்துவிட்டாலும் உதவும். பாவாடையில் கறை பட்டுவிட்டால் வெந்நீரில் ஊறப் போடாதீர்கள், சூடு பட்டால் கறை இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்பு. பிழிந்து உதறி, வீட்டிலிருக்கிற எல்லார் துணியோடும் சேர்த்து, மொட்டைமாடிக் கொடியில் வெயில் விழுகிற பக்கமாகப் போடுங்கள்.